கிளீப் பண்ணையின் சொந்தக்காரர்கள்

இரும், மருமகன். லிங்கன் பட்டணத்துக்குப் போகிற பஸ் மூன்றரைக்குத்தான் வரும். அதுவும் ஓட்டுகிறவனுக்கு மனம் வந்தால். இந்த இங்கிலாந்துக் கிராமத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ். காலையில் வந்ததில் நீர் வந்தீர், பின்னேரம் வருவதில் போவீர். இடையில் இந்த ஊரில் ஒன்றும் நடக்காது. நடந்தால் என் கடையில்தான் நடக்கும்.

அந்தத் தாளைக் கவுண்டரில் வையும். ஓடிப்போகாது. பேனையையும் வையும். மூடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நீர் நிற்கிறதைப் பார்க்க, எனக்கு ஏதோ பொலிஸ் நிலையத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. விஷயம் விளங்கிவிட்டது. அங்கே எங்கள் ஊரில் நாலு பரப்புக் காணி. ஐயா, உம்முடைய பாட்டன், எழுதி வைக்காமல் செத்ததால் எனக்கும் உம்முடைய அம்மா மலருக்கும் பொதுவில் கிடக்கிறது. இருபத்தேழு வருடம் ஆமி வைத்திருந்துவிட்டு இப்போது விட்டிருக்கிறான். மலருக்கு வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்திருக்கிறது. காணி அவள் பெயரில் இருக்கிறது என்று இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் உறுதிப் பத்திரம் காட்டினால் வீடு. காட்டாவிட்டால் அந்த வீடு அடுத்த ஆளுக்கு. என்னுடைய பங்கை அவளுக்குக் கொடுக்கிறேன் என்று நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவுதானே? நான் என்ன, மாட்டேன் என்றா சொன்னேன்? வாசிக்காமல் போடமாட்டேன் என்றேன். இரண்டும் ஒன்றில்லை.

தேத்தண்ணியைக் குடியும்.

நீர் பஸ்ஸால் இறங்கி வரும்போது கேட்டீர், எதிரே பெரிய வெள்ளைக் கேற்றும் பலகையும் போட்டிருக்கிறதே, அது யாருடைய பண்ணை என்று. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுகிற பழக்கம் எனக்கில்லை. அது கிளீப் பண்ணை. நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர். யாருடையது என்று ஒரு சொல்லில் சொல்ல முடியாது. பதினெட்டு வருடமாக இந்தக் கடையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முந்தின கதைக்கு ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது, பண்ணையின் நானூறு வருடச் சரித்திரம் என்று. ஊர் மண்டபத்துக் கூரைக்குக் காசு சேர்க்க அடித்தார்கள். அதோ, வாழ்த்து அட்டைகளுக்குக் கீழே அடுக்கிக் கிடக்கிறது. எட்டு வருடத்தில் பதினொன்று விற்றிருக்கிறேன். முழுதாக வாசித்தவன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான். வெள்ளைக்காரனுக்குத் தன்னுடைய சரித்திரத்தை வாசிக்கிற பொறுமை கிடையாது, மற்றவனுக்குப் படிப்பிக்கிற பொறுமைதான் உண்டு.

முதலில் அது கோயில் காணி. கிளீப் என்றால் பாதிரியாரின் சீவியத்துக்கென்று விட்ட நிலம். எங்கள் ஊரில் ஐயருக்குக் காணி விடுவார்களே, அப்படி. புத்தகத்தில் பதின்மூன்று பாதிரிமாரின் பெயர் போட்டிருக்கிறது. பதின்மூன்று பேரில் ஒருத்தன்கூட மண்வெட்டி பிடித்தவனில்லை. ஒருத்தர் நாற்பது வருடமாக வண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தாராம். வண்டு அவருடைய நிலத்தில்தான் நின்றது. அவர் வண்டைப் பார்த்தார், நிலத்தைப் பார்க்கவில்லை. உழுதது பெல் என்கிற குடும்பம். நாலு தலைமுறை குத்தகை. முதலாம் யுத்தம் முடிந்த கையோடு கோயில்காரர் நிலத்தை விற்கப் போட, 1921இல் ஏமஸ் பெல் என்கிறவன் வாங்கினான்.

வாங்கி முதல் வேலையாக என்ன செய்தான் தெரியுமா? பண்ணைக்குள்ளால் கோயிலுக்குப் போக ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. அவனுடைய தாய், தகப்பன், பாட்டன் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை நடந்த பாதை. அதற்கு ஒரு கேற்றைப் போட்டுப் பூட்டினான். குத்தகைக்காரனாக இருந்தவரைக்கும் மனிதன். சொந்தக்காரனானதும் அடுத்த கிழமை பூட்டு. நிலம் வந்தால் மூளை போய்விடும். இது நான் கண்டது.

இந்த ஏமஸுக்கு இரண்டு மகன்மார். ரெஜ், வால்டர். சரிபாதியாக, பிரிக்காமல், இரண்டு பேருக்கும் பொதுவில் எழுதிவிட்டு அவன் செத்தான். முற்றத்துக் கேற் இடப்பக்கம் வரவேண்டும் என்றான் ரெஜ். வலப்பக்கம் என்றான் வால்டர். கேற் வரவேயில்லை. இரண்டு பேரும் பத்தொன்பது வருடம் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. ஒரே வீடு, ஒரே குசினி, இரண்டு கேத்தல். அவசரம் என்றால் நாயிடம் சொல்வார்களாம். “அவனிட்டைச் சொல்லு, மேற்கு வயலுக்கை மாடு இறங்கியிட்டுது எண்டு.” நாய் நடுவில் நின்று வாலை ஆட்டும். மற்றவன் நாயைப் பார்த்து, “எனக்குக் கண் இருக்கு எண்டு சொல்லு” என்பானாம். இதை எனக்குச் சொன்னது ஐவி. வால்டரின் மகள். எண்பத்தாறு வயது. இப்போதும் ஒவ்வொரு சனியும் லொத்தர் ரிக்கற் எடுக்க வருவாள்.

நினைத்துப் பாரும். ஒரு கேற்றுக்காகக் கூடப்பிறந்தவனோடு பத்தொன்பது வருடம். இதுதான் உலகத்தை ஆண்ட சாதி.

என்ன? நானும் மலருமா? அது வேறு. நான் மலரோடு கதைக்காமல் இருக்கவில்லை. அவள் போன் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. எடுத்தால் கதைப்பேன். நீர் பிறந்த செய்தி கேட்டு நான் கடிதம் போட்டேன். போய்ச் சேர்ந்ததோ தெரியாது, நீங்கள் அப்போது எந்தப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருந்தீர்களோ.

கதையை விட்டுவிட்டேன். கடைசியில் பண்ணைவீட்டுக் கூரை உக்கிப்போனது. திருத்த வங்கியிடம் போனால் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். வால்டர் வைத்தான். ரெஜ் மாட்டேன் என்றான். கேற் விஷயம் முதலில் தீரட்டும் என்றான். 1970 மாரியில் கூரை விழுந்தது. நல்லவேளை, நாய்க்கு மட்டும்தான் காயம். அடுத்த வருடம் விற்றார்கள். நூற்றைம்பது வருடம் அந்த மண்ணில் நின்ற குடும்பம், ஒரு கையெழுத்தால் போயிற்று. முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? நான் ஐவியிடம் நேரே கேட்டேன். “உன்னுடைய பெரியப்பனுக்கு என்ன, பைத்தியமா?”

“இல்லை டக்,” என்றாள். “தான் சொல்வது சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.”

டக் என்றால் வாத்து. இந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்பாம்.

அதற்குப் பிறகு வாங்கியது லண்டனில் ஏதோ ஒரு ஓய்வூதிய நிதி. ஆள் கிடையாது, முகம் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை சேறு படாத வண்டியில் ஒரு பெடியன் வந்து, கேற்றடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவானாம். வயலைப் பெரிதாக்குகிறோம் என்று உயிர்வேலியை எல்லாம் பிடுங்கினார்கள். அரசாங்கம் அதற்கு உதவி கொடுத்தது. பிறகு டெரிக் ஸ்டப்ஸ் என்ற பன்றிக்காரன் வாங்கினான். பிடுங்கின வேலியை அவன் திரும்ப நட்டான். அரசாங்கம் அதற்கும் உதவி கொடுத்தது. இதற்கு என்ன சொல்கிறீர்?

ஸ்டப்ஸை எனக்கு நேரே தெரியும். 2001இல் இந்தக் கடையை எடுத்தபோது வரவேற்க வந்த முதல் ஆள் அவன். வரவேற்க என்றால் பார்க்க. சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே வந்து, அந்த ஐஸ்கிரீம் பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். இங்கே எனக்குப் பெயர் மிஸ்டர் சிங். பரநிருபசிங்கம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், பல்லை உடைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

“மிஸ்டர் சிங், உங்கள் நாட்டில் உங்களுக்கு நிலம் இருக்கிறதா?” என்றான்.

“இருக்கிறது.”

“எவ்வளவு?”

“கால் ஏக்கர்.” நாலு பரப்பு என்றால் அவனுக்கு விளங்காது.

அவன் சிரித்தான். “என்னுடைய பன்றிகளுக்கு அதைவிட விசாலமான இடம் இருக்கிறது.”

நான் பால் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கால் ஏக்கருக்காக எங்கள் ஐயா ஏழு வருடம் கோடேறி வழக்காடினார் என்று இவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? பன்றி வளர்க்கிறவனுக்கு வேலி என்றால் பன்றி வெளியே போகாமல் இருக்க ஒரு கம்பி. அவ்வளவுதான். அவன் 2006இல் கடனோடு கெட்டு வெளியேறினான். பன்றிகளுக்கு விசாலம் போதவில்லைப் போலும்.

உமக்கும் வேலி தெரியாது. நீர் அகதிமுகாமில் பிறந்த பிள்ளை. உமக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வேலி என்பது உயிருள்ள சாமான். கிளுவையிலும் பூவரசிலும் தடி வெட்டி வரிசையாக நடுவது. அதற்குக் கதியால் என்று பேர். மாரிக்கு முன்னம் செத்துப்போன கதியாலைப் பிடுங்கிப் புதிது நடவேண்டும். நடும்போது, பழைய குழியிலேயே நடுகிறவன் நல்லவன். நாலு விரல் அப்பால் நடுகிறவன் கெட்டிக்காரன். எங்கள் வடக்குப் பக்கத்தில் இளையதம்பி என்று ஒருத்தன் இருந்தான். 1979இல், ஐயா நல்லூர்த் தேருக்குப் போன அன்று, நாலு விரல் இல்லை, ஒரு முழம் தள்ளி நட்டான். எங்கள் பனை ஒன்று அவனுடைய பக்கம் போய்விட்டது. காய்க்கிற பனை. ஐயா தேரிலிருந்து வந்து பார்த்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லுவா. அடுத்த நாள் வழக்கறிஞரிடம் போனார். வழக்கு நடந்தது, நடந்தது, ஏழு வருடம். தீர்ப்பு வரமுதல் ஐயா செத்தார். அந்தக் காணியை மலருக்குச் சீதனமாக எழுதத்தான் இருந்தவர். எல்லை தீராமல் எழுதமாட்டேன் என்றதால் எழுதவேயில்லை. அதுதான் இன்றைக்கு நீர் இந்தத் தாளோடு வந்து நிற்கிறீர்.

அதுதான் வைராக்கியம். ரெஜ் பெல்லின் கதை மாதிரி இல்லை, கவனியும். அங்கே நடந்தது கேற்றுக்குச் சண்டை. இங்கே நியாயம்.

கொஞ்சம் இரும். யெஸ் மிஸஸ் ஆர்ச்சர், செக்கண்ட் கிளாஸ் முத்திரை ஆறு. தாங்க்யூ, தாங்க்யூ. பார்த்தீரா, காலநிலையைப் பற்றிச் சொல்லாமல் போகமாட்டா. பதினெட்டு வருடமாக ஒரே வானம்.

ஸ்டப்ஸுக்குப் பிறகு ஜூலியன். அதுதான் இவர்களில் உச்சம். லண்டனில் வங்கியில் பெரிய வேலை பார்த்துவிட்டு, மண்ணோடு வாழப் போகிறேன் என்று நாற்பத்திரண்டு வயதில் வந்தான். மனைவி, மூன்று நாய், பன்னிரண்டு அல்பாக்கா. ஒட்டகம் சுருங்கி ஆடானால் எப்படியிருக்கும், அது. காலில் முழங்கால் வரைக்கும் பச்சைச் சப்பாத்து, அதில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. அந்தப் பலகை போட்டது அவன்தான். “1640 முதல்.” 1640இல் இவனுடைய ஆட்கள் எங்கே இருந்தார்களோ! இந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதினதும் அவன்தான். ஒரு நாள் இங்கே நின்று என்னிடம் சொல்கிறான், கண்ணை மூடிக்கொண்டு, பிரசங்கம் மாதிரி:

“மிஸ்டர் சிங், நிலத்துக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. நாங்கள் வெறும் காவலாளிகள்.”

அடுத்த கிழமை கேற்றிலே “தனியார் நிலம், உள்ளே வராதீர்” என்று ஒரு தகடு. காவலாளிதானே!

இவனுடைய காலத்தில்தான் நான் ஒரு வேலை செய்தேன். இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீர் மருமகன், சொந்த இரத்தம், உமக்குச் சொல்லலாம். இந்தக் கடைக்குப் பின்வளவுக்கு வடக்கே ஜூலியனுடைய அல்பாக்கா வயல். நடுவில் முள்மரத்து உயிர்வேலி. ஹாதோர்ன் என்பார்கள். அதற்கு அப்பால், வயல் பக்கமாக, ஆறடி அகலத்தில் ஒரு பழைய வாய்க்கால். வந்த வருடமே பார்த்தேன். வேலியைக் கவனிக்க அந்தப் பக்கத்தில் ஆளில்லை. கவனிக்காத வேலி யாருடைய வேலி?

மாரியில் இங்கே வேரோடு ஹாதோர்ன் கன்று விற்பார்கள். கட்டுக் கட்டாக. ஒவ்வொரு மாரியும் பழைய வரிசைக்கு முன்னால், வாய்க்கால் பக்கமாக, நாலு விரல், சில வருடம் ஆறு விரல் தள்ளி ஒரு புது வரிசை நட்டேன். அது பிடித்ததும் பின்வரிசையை வெட்டினேன். வாய்க்காலை இலைகுழையும் மண்ணும் கடைக் காட்போட் பெட்டியும் போட்டு மெல்ல மெல்லத் தூர்த்தேன். பதினொரு வருடம், மருமகன்! அவசரப்படவில்லை. இளையதம்பி ஒரே நாளில் ஒரு முழம் எடுத்தான், அதனால்தான் வழக்கு வந்தது. நான் பதினொரு வருடத்தில் நாலடி எடுத்தேன், ஒரு குருவிக்கும் தெரியாது.

தெரியாததோடு விட்டார்களா? ஜூலியன் ஒரு நாள் கமராவோடு வந்துவிட்டான். நான் கையிலிருந்த கன்றுக் கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவன் கைகளைப் பிசைந்துகொண்டு சொல்கிறான்: “எவ்வளவு அழகு, மிஸ்டர் சிங்! இந்தப் பழைய கலையை இங்கே ஒருத்தரும் செய்வதில்லை. நீங்கள்தான் செய்கிறீர்கள்.” படம் எடுத்தான். ஊர்ச் சபையிடம் சொல்லியிருக்கிறான். அந்த வருடம் சிறந்த உயிர்வேலிக்கு எனக்கு மூன்றாம் பரிசு. அதோ, மருந்துத் தட்டுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேனே, அது. தன்னுடைய நிலத்தை எடுக்கிறவனுக்குப் பரிசு கொடுக்கிற ஆட்கள். இவர்கள் எப்படி எங்களை நூற்றைம்பது வருடம் ஆண்டார்கள் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இரண்டு மாரிக்கு முன்னம் பின்னறைக்குள் வெள்ளம் வந்தது. முன்னம் ஒரு நாளும் வந்ததில்லை. அரிசி, மா, உருளைக்கிழங்குப் பொரியல் பெட்டி எல்லாம் மிதந்தது. அல்பாக்கா மிதித்து மிதித்து நிலத்தை இறுக்கிவிட்டது, தண்ணீர் இறங்க வழியில்லை. ஜூலியனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு ஒரு போத்தல் வைன் அனுப்பினான். குடிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன வருடம் மனைவி விட்டுப்போனாள். மண்ணோடு அவளால் வாழ முடியவில்லையாம். பண்ணையை விற்கப் போகிறான். வாங்குகிறவனுக்கு எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்று அவனுடைய வக்கீல் சொல்லியிருக்கிறார். ஒரு தாளைக் கொண்டுவந்து இதே கவுண்டரில் வைத்தான். “இப்போது இருக்கிற வேலியே இரண்டு பக்கத்துக்கும் நிரந்தர எல்லை என்று ஒத்துக்கொள்வோமா, மிஸ்டர் சிங்?” நான் அவனுடைய பேனையைப் பறித்தெடுத்தேன். சந்தோசத்தில். வாசிக்காமலே போட்டேன். பெயரை முழுதாக, பரநிருபசிங்கம் என்று, தமிழிலும் ஒருக்கால் போட்டேன். ஐயா இருந்திருந்தால் பார்த்திருப்பார். இங்கிலாந்தில், வெள்ளைக்காரனிடம் இருந்து, சட்டப்படி நாலடி!

அந்தச் சனிக்கிழமை ஐவி வந்தாள். மனம் நிறைந்து கிடந்ததால் வாய் விட்டுவிட்டேன். எடுத்தேன் என்று சொல்லவில்லை, எல்லை எழுதிக்கொண்டோம் என்று மட்டும். கிழவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்வளவுக்குப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து கேட்டாள்:

“வாய்க்கால் எங்கே?”

“தூர்ந்துவிட்டது.”

“தானாகவா?”

நான் சில்லறையை எண்ணினேன். அவள் கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினாள். இருமல் வருமட்டும் சிரித்தாள். “டக், வாய்க்கால் வெட்டுகிறவன் எங்கே வெட்டுவான்? தன்னுடைய நிலத்தின் கடைசி ஓரத்தில். மண்ணை எங்கே எறிவான்? அடுத்தவன் நிலத்தில் எறிய முடியாது. தன்னுடைய பக்கம் எறிவான். அந்த மண்திட்டில்தான் வேலி நடுவான். வேலி உன்னுடைய பக்கம் இருந்தால் வாய்க்காலும் உன்னுடையது. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கோர்ட்டுக்கும் தெரியும். அந்த ஆறடியும் உன்னுடையதுதான். நீ பதினொரு வருடம் பாடுபட்டு உன்னிடமிருந்தே நாலடி எடுத்திருக்கிறாய். மிச்சம் இரண்டடியைக் கையெழுத்துப் போட்டு அவனுக்குக் கொடுத்திருக்கிறாய்.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாய்க்காலைத் தூர்த்தால் வெள்ளம் வராமல் என்ன வரும்?” என்றாள்.

கிழவிக்கு எண்பத்தாறு வயது. மூளை பிசகிவிட்டது. தகப்பனும் பெரியப்பனும் நாயோடு கதைத்த வீட்டில் வளர்ந்தவள், வேறெப்படி இருக்கும்? நான் லொத்தர் ரிக்கற்றைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எல்லையை வேலி காட்டுமா, குழி காட்டுமா? என்ன சிரிக்கிறீர்? சிரிக்கவில்லையா? சரி.

மணி மூன்று ஆகிவிட்டது. கொண்டாரும் அந்தத் தாளை. என்னுடைய கண்ணாடி, அதோ அந்தப் பத்திரிகைக் கட்டுக்கு மேலே.

ம். நொத்தாரிசு நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். பரப்பு நாலு. கிழக்கு ஒழுங்கை, சரி. தெற்கு வைரவர் கோயில் வளவு, சரி. மேற்கும் சரி. வடக்கு, “இளையதம்பி காணி, தற்போதைய எல்லை.” தற்போதையதா? இந்தச் சொல்லை யார் போட்டது? நில அளவைக்காரன் வந்து அளந்தானா? எதிலிருந்து அளந்தான்? ஆமி டோசர் விட்டு மட்டமாக்கிய நிலம், வீடு இல்லை, கிணறு மூடிக் கிடக்கிறது, ஒரு கதியால்கூட இல்லை என்று நீர்தானே சொன்னீர். பிறகு எது தற்போதைய எல்லை? அவன் முளை அடித்த இடமா? அப்படியென்றால் இளையதம்பி வென்றுவிட்டான். ஆமியும் போய், வேலியும் போய், அவன் எடுத்த ஒரு முழம் மட்டும் நிற்கிறது. அதில் நான் கையெழுத்து வைக்க வேண்டும்!

பேனையைத் தாரும். பயப்படாதேயும், போடத்தான் போகிறேன். முதலில் இதைத் திருத்துவோம். “தற்போதைய எல்லை” வெட்டு. மேலே எழுதுகிறேன். “1979ஆம் ஆண்டு ஆவணி மாதத்துக்கு முன் இருந்த வேலி. காய்க்கும் பனை ஒன்று உட்பட.”

ஏன் சத்தம் போடுகிறீர்? கையை விடும். கையை விடும் என்கிறேன், சனம் பார்க்கும். நான் என்ன, கிழித்தேனா? திருத்தினேன். ஒரு எழுத்து வெட்டினாலும் அங்கே எடுக்கமாட்டார்களா? முத்திரை வைத்த மூலப்பிரதியா? அதை முதலே சொல்லியிருக்க வேண்டும். காலையில் சொன்னீரா? நான் கேட்கவில்லை. சரி, புதிதாக எழுதி எடுப்பியும். எத்தனை நாள்? பன்னிரண்டா? இன்றைக்கு இருபத்திரண்டு. முப்பதுக்கு வராதுதான். வராவிட்டால் என்ன, அடுத்த வருடமும் வீட்டுத்திட்டம் வரும். நியாயம் அடுத்த வருடம் வருமா? இருபத்தெட்டு வருடம் முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்தவள் இன்னும் ஒரு வருடம் இருக்கமாட்டாளா?

யாருக்குப் போன் எடுக்கிறீர்? அம்மாவுக்கா? தாரும் இங்கே.

மலரா? அண்ணன்தான். ஓம், சுகம். நீ? கால் வீக்கமா? டொக்டரிடம் காட்டினாயா? இங்கே பார், உன்னுடைய மகன் இங்கே நின்று கண்ணைக் கசக்குகிறான். நான் ஒன்றும் மறுக்கவில்லை, எல்லையைத்தான் சரிப்படுத்தினேன். ஐயா ஏழு வருடம் ஏறி இறங்கினது உனக்கு மறந்துபோயிற்றா? அந்தப் பனை... மலர், கேட்கிறதா? என்ன சொன்னாய்? திரும்பச் சொல்லு. காணி முழுக்க எனக்கே இருக்கட்டும் என்றா? உன்னுடைய பெயரைப் பட்டியலில் இருந்து வெட்டிவிடச் சொல்லிவிடுவாயா? கோபத்தில் சொல்கிறாயா? இல்லை. களைத்துவிட்டதா? அதுவும் சரிதான். வைக்கிறாயா? சரி, வை.

வைத்துவிட்டாள்.

கேட்டீரா? நானாகக் கேட்டேனா? தானாக விட்டுத் தந்துவிட்டாள். சின்ன வயதிலும் இப்படித்தான், ஒன்றிலும் நின்று பிடிக்கமாட்டாள். காணியை வைத்திருக்க ஒரு நெஞ்சு வேண்டும். எல்லாருக்கும் அது இல்லை. முகத்தை அப்படி வைத்திருக்காதேயும். அந்தத் தாளைக் கசக்காமல் என்னிடம் தாரும், பின்பக்கம் எல்லைப் படம் கீறிவைக்க உதவும்.

பஸ் சந்தியில் திரும்புகிறது, சத்தம் கேட்கிறது. பையை எடும். போக முதல் ஒன்று சொல்லும். இனி இதை நான்தான் பார்க்க வேண்டும். வடக்கில் இப்போது யார் இருக்கிறான்? இளையதம்பி செத்திருப்பான். மூத்தவனா, இளையவனா? விலாசம் தந்தீர் என்றால் இன்றைக்கே ஒரு கடிதம் போட்டுவிடுவேன். வக்கீல் கடிதம்.

ஒருத்தருமில்லையா? ஒருத்தருமென்றால்? பெடியள் இரண்டு பேரும்? வன்னியிலா, கடைசி யுத்தத்திலா? இரண்டு பேருமா? பெட்டை ஒன்று இருந்ததே, எங்களுடைய மலரோடு படித்தவள். அவளும்?

காணியைக் கேட்டு ஆளே வரவில்லையா?

நில்லும், மருமகன். பஸ் நிற்கும், அவன் எனக்குத் தெரிந்தவன். நில்லும். அப்படியென்றால் அந்த ஒரு முழத்தை நான் இனி யாரிடம் போய்க் கேட்கிறது?